இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர்: வாரண்டி கிடையாது என்கிறார்கள், இன்ஜினைத் திறக்கக் கையெழுத்துப் போடலாமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். 2022-ஆம் ஆண்டு வாங்கிய இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் ஒன்று என்னிடம் இருக்கிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின், ஏழு கியர் கொண்ட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். நிறுவனத்தின் பெயரையும் சர்வீஸ் சென்டரின் பெயரையும் விவகாரம் முடியும்வரை எழுதப் போவதில்லை. தயவுசெய்து யாரும் ஊகித்தும் எழுத வேண்டாம். கம்பெனி கொடுத்த மூன்று ஆண்டு வாரண்டி முடிந்து, பணம் கட்டி நீட்டித்த இரண்டாண்டு வாரண்டி இப்போது நடப்பில் உள்ளது. எல்லா சர்வீஸும் மதுரையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்யப்பட்டவை, பில்கள் அனைத்தும் கையில் இருக்கின்றன.

சென்ற மாதம் நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது, காவல்கிணறு தாண்டிப் பணகுடிக்கு அருகில், ஒரே சீரான வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரெனக் குலுங்கத் தொடங்கியது. இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னியது. உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். டேஷ்போர்டில் வைத்திருக்கும் சிறிய ஸ்கேனரைச் செருகிப் பார்த்தபோது பி0300, பி0302 என்ற இரண்டு எரர் கோடுகள் (குறையைக் காட்டும் குறியீடுகள்) இருந்தன; சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்), அதுவும் இரண்டாவதில் என்று பொருள். ரோடுசைடு அசிஸ்டன்ஸை அழைத்து, பிளாட்பெட் லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினேன்.

அங்கே முதலில் பிளக்குகளையும் காயிலையும் மாற்றினார்கள். டிரையல் ஓட்டியதில் அதே கோடு திரும்ப வந்தது. பிறகு கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்தார்கள். மற்ற மூன்று சிலிண்டர்களும் 12 பார் அளவில் இருக்க, இரண்டாவது 7 பாரைக்கூட எட்டவில்லை. நேற்று சர்வீஸ் அட்வைசர் தொலைபேசியில், “உள்ளே தண்ணீர் போயிருக்கலாம், இல்லையென்றால் கலப்பட பெட்ரோலாக இருக்கலாம், இரண்டுமே வாரண்டியில் வராது. 2023 டிசம்பரில் உங்கள் ஊரில் வெள்ளம் வந்ததல்லவா?” என்று கேட்டார். முகவரியில் திருநெல்வேலி என்று இருப்பதே ஒரு குற்றச்சாட்டாகிவிட்டது. அந்த நாட்களில் வண்டி தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதியில் நின்றிருந்தது, ஸ்டார்ட் செய்யப்படவே இல்லை.

இப்போது இன்ஜினைத் திறக்க என் ஒப்புதலைக் கேட்கிறார்கள். காரணம் வாரண்டிக்கு வெளியே என்று அவர்கள் முடிவு செய்தால், கழற்றிப் பூட்டும் கூலி முழுவதும் என் தலையில். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா என்பதே என் கேள்வி.

குறிச்சிப்பட்டறை:

அண்ணாச்சி, இப்போதைக்குப் போட வேண்டாம். திறக்காமலேயே பார்க்க வேண்டியவை இன்னும் மீதி இருக்கின்றன; திறந்த பிறகு அவற்றைப் பார்க்க முடியாது.

முதலில் லீக்-டவுன் சோதனை. கம்ப்ரெஷன் சோதனை காற்று நிற்கவில்லை என்று மட்டும் சொல்லும். எந்த வழியாகப் போகிறது என்பதை லீக்-டவுன்தான் சொல்லும். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்திக் காற்றை உள்ளே செலுத்தி, எங்கே சீறுகிறது என்று காதால் கேட்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் அங்கே சத்தம் என்றால் ரிங் அல்லது பிஸ்டன், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். பட்டறையில் அரை நாள்கூடத் தேவைப்படாத வேலை இது.

இரண்டாவது, பிளக் ஓட்டை வழியாக போரோஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டு நான்கு சிலிண்டர்களையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நான்கையும் என்பது முக்கியம். தண்ணீர் புகுந்த இன்ஜினில் பெரும்பாலும் கனெக்டிங் ராடு வளையும். ராடு வளைந்துவிட்டால் அந்த பிஸ்டன் மற்ற பிஸ்டன்கள் ஏறும் உயரத்துக்கு ஏறாது. அதனால் சிலிண்டரின் மேல் விளிம்பில் ரிங் தொடாத கரிப்பட்டை அந்த ஒன்றில் மட்டும் அகலமாக இருக்கும். மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும். பட்டை நான்கிலும் ஒரே அகலத்தில் இருந்தால் வெள்ளக் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: “வெள்ளம் வந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டது, அதன் பிறகு வண்டி நன்றாகத்தானே ஓடியது” என்ற வாதத்தை நம்பி இருக்காதீர்கள். இலேசாக வளைந்த ராடோடு மாதக்கணக்கில் ஓடிப் பிறகு உடைந்த இன்ஜின்களை அந்த வெள்ளத்துக்குப் பின் நானே கழற்றியிருக்கிறேன். வாதம் வேண்டாம், கரிப்பட்டையின் படம் வேண்டும்.

மூன்றாவது, கழற்றிய பழைய பிளக்குகள். அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் இரண்டாம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளும் அவற்றினிடையே மின்னும் வெள்ளிநிறத் துகள்களும் தெரிந்தால், அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். அதாவது அந்த அறையில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) கடுமையாக நடந்திருக்கிறது. தண்ணீர் போன இன்ஜினில் அது இருக்காது.

மலைச்சாலை76:

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். யாராவது கேட்டே ஆக வேண்டிய கேள்வி என்பதால் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈசியுவில் (இன்ஜினை இயக்கும் கணினியில்) ரீமேப், அதாவது சக்தியைக் கூட்டும் மென்பொருள் மாற்றம், எதுவும் செய்திருக்கிறீர்களா? ஸ்டேஜ் 1, டியூனிங் பாக்ஸ், வேறு இன்டேக், ஏதாவது? செய்துவிட்டு மீண்டும் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். தெரியும். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல ஈசியுக்கள் வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் சர்வரோடு ஒப்பிட்டால் பொருந்தாத எண்ணிக்கை வெளியே வந்துவிடும். என் வண்டியில் ஸ்டேஜ் 1 போட்டிருக்கிறேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி போய்விட்டது என்று தெரிந்தேதான் போட்டேன். போட்டவர் வாரண்டி கேட்டு வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பொருநைக்கரை:

கேட்டதில் தவறில்லை, தம்பி. எதுவும் செய்யவில்லை, டயர்கூடக் கம்பெனி அளவுதான். ஈசியு மென்பொருளின் பதிப்பையும் எழுதப்பட்ட எண்ணிக்கையையும் அச்செடுத்துத் தரும்படி மின்னஞ்சலில் கேட்கிறேன். பட்டறை அண்ணாச்சி சொன்ன பிளக்குகளைப் பற்றியும் அதே கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

முன்னாள்_அட்வைசர்:

பல ஆண்டுகள் சர்வீஸ் அட்வைசராக வேலை பார்த்தவன் என்ற முறையில், மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வாரண்டியை ஏற்பதோ மறுப்பதோ சர்வீஸ் சென்டர் அல்ல. சென்டர் ஒரு டீலருடையது. வாரண்டிப் பணம் நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். டீலர் வேலையைச் செய்துவிட்டு நிறுவனத்துக்கு கிளைம் அனுப்புவார். காரணம் சரியாக நிறுவப்படவில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பினால் செலவு டீலருடையது. அந்தப் பயத்தில்தான் தொலைபேசியில் முதலிலேயே “வராது” என்று சொல்லிப் பார்ப்பார்கள். அது முடிவு அல்ல. நிறுவனத்தின் மறுப்பு என்று எதுவும் இன்னும் உங்கள் கையில் இல்லை என்பதை மனத்தில் வையுங்கள். “வாரண்டி கோரிக்கை நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதா, அனுப்பிய தேதியும் எண்ணும் என்ன, மறுத்தது யார், எந்த நிபந்தனையின் கீழ்?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பாதி விவகாரங்களில், கோரிக்கையே அனுப்பப்படவில்லை என்பது இந்தக் கேள்விக்குப் பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் வேலைச் சீட்டு. வாடிக்கையாளர் சொன்ன குறை என்று ஒரு பகுதி அதில் இருக்கும். அங்கே அட்வைசர் அவசரத்தில் “இன்ஜின் பிக்கப் இல்லை” என்று ஒரு வரி எழுதிவிடுவார். நீங்கள் சொன்னதோ வேறு: நெடுஞ்சாலையில், மழையில்லாத நாளில், சீரான வேகத்தில் ஓடும்போது குலுங்கியது, விளக்கு மின்னியது, உடனே அணைக்கப்பட்டது. இந்த வரிசை முழுவதும் அந்தப் பகுதியில் இருக்க வேண்டும். உடனே அணைத்தேன் என்பது ஏன் முக்கியம் என்றால், விளக்கு மின்னும்போது தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) போய் அதைச் சுட்டுக் கெடுக்கும்; பிறகு “எச்சரிக்கையை மீறி ஓட்டினார்” என்ற நிபந்தனையைக் காட்டி அந்தச் செலவைக் கழற்றிவிடுவார்கள். ஜாப் கார்டில் இல்லையென்றால், அதே விவரங்களை எழுதி, “ஜாப் கார்டு எண் இன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளவும்” என்று மின்னஞ்சல் அனுப்புங்கள்.

எரர் கோடு பதிவாகும் அந்தக் கணத்தில் வேகம், ஆர்பிஎம், லோடு, கூலண்ட் வெப்பம் ஆகியவற்றை ஈசியு ஒரு படம்போல் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். எரர் கோடை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். காயில் மாற்றியபோது அழித்திருப்பார்கள், ஆனால் அழிக்கும் முன் ஸ்கேன் செய்த அறிக்கை அவர்களது கணினியில் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். உங்கள் சொந்த ஸ்கேனரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் கைப்பேசியில் இருந்தால் அது பொன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒப்புதல் தராமலேயே இருந்துவிடவும் முடியாது. சில வாரங்கள் கழித்து நாள் வாடகை கேட்கத் தொடங்குவார்கள். எனவே நிபந்தனையோடு கையெழுத்திடுங்கள். திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்களோ உங்கள் ஆளோ அருகில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டமும் வீடியோ எடுக்கப்பட வேண்டும், காரணத்தை எழுத்தில் தந்த பிறகே கூலியைப் பற்றிய பேச்சு, கழற்றிய பாகங்கள் உங்களுக்குத் தெரியாமல் அனுப்பப்படக் கூடாது. இவ்வளவையும் அந்தப் படிவத்திலேயே உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகங்களைப் பற்றி ஒரு சொல்: வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் நிறுவனத்தின் சொத்தாகிவிடும், அவர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆகவே கையில் இருக்கும்போதே பிஸ்டனையும் ரிங்குகளையும் பேரிங்குகளையும் படம் எடுத்துவிட வேண்டும்.

நான்குவழி:

பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லையே. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ஏப்ரல் 2023-க்கு முன் தயாரான வண்டிகள் பல 10 விழுக்காட்டைக் கருத்தில் கொண்டு செய்யப்பட்டவை. இவருடையது 2022 வண்டி. எனக்கென்னவோ காரணம் அதுதான் என்று தோன்றுகிறது. நான் எக்ஸ்பி 95 என்ற 95 ஆக்டேன் பெட்ரோலைத் தவிர வேறு எதையும் நிரப்புவதில்லை.

குறிச்சிப்பட்டறை:

இதில் நான் மாறுபடுகிறேன். எத்தனாலால் மைலேஜ் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்ப ஆற்றல் குறைவு. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், சீல் ஆகியவை நாளடைவில் கெடலாம். ஆனால் எத்தனாலின் ஆக்டேன் அதிகம், அது நாக்கிங்கைக் குறைக்குமே தவிர கூட்டாது. மேலும், நான்கு சிலிண்டரும் ஒரே டாங்கில், ஒரே ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) இருந்துதான் குடிக்கின்றன. பெட்ரோல் கெட்டது என்றால் நான்கும் ஏதாவது ஓர் அளவில் முனகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்து, மற்ற மூன்றும் 12 பாரில் நிற்கிறது என்றால் என் சந்தேகம் வேறு இரண்டு பக்கம் போகிறது.

ஒன்று இன்ஜெக்டர். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பெட்ரோல் நேரே அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. அந்த ஓர் இன்ஜெக்டர் மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் உலோகத்தோடு உலோகமாக உரசிச் செங்குத்தான கீறல்கள் விழும். ஆயிலில் பெட்ரோல் வாடை வருகிறதா, ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் இது தெரியும். ஆயிலை வடிப்பதற்கு முன் ஒரு சிறு பாட்டிலில் மாதிரி எடுத்து வையுங்கள்.

மற்றொன்று, குறைந்த ஆர்பிஎம்மில் அதிக லோடு வரும்போது பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பற்றுவது. சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கே உரிய நோய் இது. பிஸ்டன் விளிம்பில் தேங்கும் ஆயில் துளிகள் அறைக்குள் தெறித்துப் பற்றிக்கொள்வது ஒரு காரணம். ஆயிலில் கால்சியம் சார்ந்த டிட்டர்ஜெண்ட் அதிகமாக இருந்தால் இது கூடும் என்று கண்டறிந்துதான் 2018-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்என் பிளஸ் என்ற தரத்தையும், 2020 மே மாதம் எஸ்பி என்ற தரத்தையும் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு பலத்த அடி போதும், பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய வரம்பு உடைந்துவிடும். இன்ன ஆயில், இன்ன தரம் என்று ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் சென்டரே தவறான தரம் ஊற்றியிருந்தால் பந்து அவர்கள் பக்கம் போய்விடும்.

பெட்ரோலையே அவர்கள் குறைசொன்னால், டாங்கிலிருந்து மாதிரி எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாதிரியே எடுக்காமல் கலப்படம் என்று சொல்வது வெறும் பேச்சு.

சட்டக்குறிப்பு:

வழக்கு வரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன், ஆனாலும் பாதை தெரிந்திருப்பது பேச்சுவார்த்தையில் உதவும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 34-ஆம் பிரிவின்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். டீலர் மதுரையிலும் நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்திலும் இருந்தாலும், நீங்கள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 2021 டிசம்பரில் மாற்றப்பட்ட விதிகளின்படி, பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், நமக்கு அதன் மதுரைக் கிளை. நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகை இங்கே கணக்கில்லை, கொடுத்த விலைதான் கணக்கு. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது, வாரண்டி நிபந்தனையில் உள்ளபடி பாகத்தை மாற்றுவதே கடமை என்ற வகையில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. எனவே புதிய கார் கேட்டு மனு எழுதுவதைவிட, இன்ஜின் பழுதுநீக்கம், வண்டி இல்லாமல் இருந்த காலத்துக்கான செலவு, மன உளைச்சலுக்கான தொகை என்று கேட்பதே பலன் தரும்.

உற்பத்திக் குறையா இல்லையா என்று பார்த்தால் தெரியாத இடத்தில், 38-ஆம் பிரிவின் கீழ் ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இன்ஜின் முன்பே திறக்கப்பட்டு பாகங்கள் காணாமல் போயிருந்தால் நிபுணர் எதை வைத்து அறிக்கை எழுதுவார்? அட்வைசர் நண்பர் சொன்ன நிபந்தனைகளின் பெறுமதி அங்கேதான் தெரியும்.

யூடியூபில் பலர் அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தைச் சொல்லி, நிரூபிக்க வேண்டியது நிறுவனமே என்று அடித்துப் பேசுகிறார்கள். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. இங்கே வாரண்டி ஓர் ஒப்பந்தம். உங்கள் கையிலுள்ள நீட்டிப்பு வாரண்டிப் புத்தகத்தில் எந்தெந்தப் பாகங்கள் உண்டு என்ற பட்டியலை முதலில் படியுங்கள். பல நீட்டிப்பு வாரண்டிகளை விற்பது கார் நிறுவனம் அல்ல, காப்பீட்டு நிறுவனம். அப்படியானால் அவர்களும் எதிர்தரப்பில் சேர்க்கப்பட வேண்டும்.

வண்டி உங்கள் தொழில் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா? இருந்தால் “வணிக நோக்கம்” என்று ஆட்சேபம் எழுப்புவார்கள். இயக்குநரின் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார் வணிக நோக்கத்துக்கானது ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போதைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிந்து வையுங்கள். ஆணை போடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் புகார் நிறுவனத்தின் மேலிடத்துக்குப் போகும், பதில் எழுத்தில் வரும்.

கடையநல்லூரான்:

ஷோரூமும் இல்லை, சர்வீஸும் இல்லை. ஒரு ஆயில் மாற்ற ஏறக்குறைய 160 கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் இருந்துகொண்டு இத்தகைய வண்டியை எதற்காக வாங்குகிறீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

மலைச்சாலை76:

அதிகாலையில் நாங்குநேரி டோலைத் தாண்டி வள்ளியூர் வரை ஒருமுறை உட்கார்ந்து வாருங்கள், புரியும். அதற்கு வேறொரு இழையைத் தொடங்குவோம், இங்கே வேண்டாம்.

பொருநைக்கரை:

தாமதத்துக்கு மன்னிக்கவும், நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

மின்னஞ்சல் அனுப்பிய பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. முன்னாள் அட்வைசர் சொன்னது அப்படியே நடந்தது: நிறுவனத்துக்குக் கோரிக்கை அதுவரை அனுப்பப்படவே இல்லை. 1915-ல் புகார் பதிந்து சில நாட்களில் நிறுவனத்தின் டெக்னிக்கல் மேனேஜர் ஒருவர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. பழைய பிளக்குகள் அதிர்ஷ்டவசமாக ஒரு அட்டைப்பெட்டியில் ஜாப் கார்டு எண்ணோடு இருந்தன. இரண்டாம் பிளக்கின் பீங்கானில் பட்டறை அண்ணாச்சி எழுதியது போலவே வெள்ளித் துகள்கள் இருந்தன. கைப்பேசி கேமராவை நெருக்கி வைத்தபோது நன்றாகத் தெரிந்தது. அந்தப் படத்தை மேனேஜரிடம் காட்டியதும் தண்ணீரைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. போரோஸ்கோப்பில் கரிப்பட்டை நான்கிலும் ஒரே அகலம். லீக்-டவுன் செய்தபோது ஆயில் மூடியின் வாயில் கையை வைத்தேன். காற்று உள்ளங்கையில் பட்டது.

நிபந்தனைகளைக் கையால் எழுதித்தான் கையெழுத்திட்டேன். அட்வைசருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மேனேஜர் மறுப்புச் சொல்லவில்லை. என் முன்னால் ஹெட் கழற்றப்பட்டது. இரண்டாம் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையிலான வரம்பு, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு உடைந்து போயிருந்தது. உடைந்த துண்டு உரசியதில் சுவரில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு மேலிருந்து கீழாக இரண்டு கீறல்கள். மற்ற மூன்று சிலிண்டர்களில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக்கோடுகள் அழியாமல் இருந்தன. ஈசியு எண்ணிக்கையும் நிறுவனக் கணக்கோடு பொருந்தியது. ஆயில் எல்லாப் பில்களிலும் சரியான தரமே. பெட்ரோல் மாதிரி எடுக்க நான் வற்புறுத்தியபோது, தேவையில்லை, அந்தக் காரணத்தை எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன்.

முடிவாக, பிளாக், கிராங்க், பிஸ்டன்கள் அடங்கிய ஷார்ட் பிளாக் முழுவதையும் வாரண்டியில் மாற்ற ஒப்புதல் வந்திருக்கிறது. கழற்றிப் பூட்டும் கூலியும் அவர்களுடையதே. ஆயில், கூலண்ட், கேஸ்கெட், போல்ட் ஆகியவற்றை “கன்ஸ்யூமபிள்ஸ்” என்று என் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். டர்போவை மாற்ற மறுக்கிறார்கள். உடைந்த அலுமினியத் துண்டுகள் எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவுக்குள் சுழலும் டர்பைன் இறக்கைகளில் பட்டிருக்கக்கூடும் என்பது என் கவலை. இந்த இரண்டிலும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முன்னாள்_அட்வைசர்:

கன்ஸ்யூமபிள்ஸ் பற்றி: தேய்ந்து தீர்ந்ததால் மாற்றும் ஆயில் வேறு, வாரண்டிப் பழுதைச் சரிசெய்யும்போது வேறு வழியின்றிப் புதிதாக ஊற்றும் ஆயில் வேறு. கேஸ்கெட்டும் ஒருமுறை முறுக்கியபின் மீண்டும் பயன்படுத்தக் கூடாத ஹெட் போல்ட்டும் பழுதுநீக்கத்தின் பகுதிகளே. உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் இதற்கு எதிராக வரி இருந்தால் ஒழிய, நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள்.

டர்போவை உடனே மாற்றச் சொல்லிச் சண்டையிடாதீர்கள். டர்பைன் பக்கம் போரோஸ்கோப் விட்டு ஒவ்வோர் இறக்கையின் முனையையும் படம் எடுத்து, “பரிசோதிக்கப்பட்டது, சேதமில்லை” என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். சேதம் இருந்தால் அவர்களால் அப்படி எழுத முடியாது. எழுதிவிட்டால், பின்னால் அது போகும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

சட்டக்குறிப்பு:

யாரும் கவனிக்காத ஒன்று. இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். ஷார்ட் பிளாக் மாறினால் எண்ணும் மாறும், அல்லது எண் பொறிக்கப்படாத பிளாக் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யும் அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்சியில் திருத்த வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள். டீலரிடமிருந்து பழைய எண், புதிய எண் இரண்டும் குறிப்பிட்ட கடிதமும், பாகத்தின் இன்வாய்ஸும் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். விலை பூஜ்யம் என்றாலும் இன்வாய்ஸ் வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் இசைவுக் கடிதமும் கேட்பார்கள். பிறகு இன்சூரன்ஸ் பாலிசியிலும் எண்ணைத் திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த விபத்துக் கிளைமில் சர்வேயர் எண்ணைப் பார்த்துவிட்டு நின்றுகொள்வார்.

இன்னொன்று, மாற்றிய பிளாக்குக்குத் தனி வாரண்டி உண்டா, மீதமுள்ள காலத்துக்கு மட்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் மீதிக் காலம்தான்.

குறிச்சிப்பட்டறை:

வண்டி வந்த பிறகு முதல் 1,500 கிலோமீட்டர் வரை ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தாதீர்கள், ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து, ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால், மேலப்பாளையம் பக்கம் வரும்போது பழைய ஃபில்டரைக் கொண்டுவாருங்கள், நான் வெட்டித் தருகிறேன். ஆயில் மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிப்பது இயல்பு என்று பல கையேடுகளில் போட்டிருக்கும்; அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பிறகு வாதாட அந்த நோட்டுதான் ஆதாரம். ஹைவேயில் ஓவர்டேக் செய்யும்போது உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து ஒரேயடியாக அழுத்தாமல், மேனுவல் மோடில் ஒரு கியரோ இரண்டோ இறக்கிவிட்டு அழுத்துங்கள். பிஸ்டன் வரம்பை உடைப்பது 1,500 ஆர்பிஎம்மில் முழு லோடு கொடுப்பதுதான். 5,000 ஆர்பிஎம் அல்ல.

பொருநைக்கரை:

அனைவருக்கும் நன்றி. கன்ஸ்யூமபிள்ஸ் தொகையை நிறுவனம் ஏற்றுக்கொண்டுவிட்டது. டர்பைன் படங்களை எடுத்துத் தந்திருக்கிறார்கள்; இறக்கைகளில் ஓரம் நசுங்கிய இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் “சேதமில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். புதிய பிளாக்குக்கு மீதிக் காலம் மட்டுமே வாரண்டி என்று கடிதம் வந்திருக்கிறது. எண் மாற்றத்துக்கான டீலர் கடிதம் கைக்கு வந்ததும் டிஎன் 72 (திருநெல்வேலி) ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுப்பேன். அங்கே என்னென்ன தாள்கள் கேட்டார்கள், எந்தப் படிவம் என்பதை அதே நாளில் இங்கே பதிவிடுகிறேன்; ஷார்ட் பிளாக் மாற்றிய மற்றவர்களுக்கு அது தேவைப்படும்.

குறிச்சிப்பட்டறை:

ஐந்தாவது படத்தில் இடது ஓரத்தில் உள்ள இறக்கையை மட்டும் வேறு கோணத்தில் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள், அண்ணாச்சி. கரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் துடைத்துவிட்டு எடுத்தால் சந்தேகம் இருக்காது. மற்றவை நன்றாக இருக்கின்றன.